அப்பச்சியை ரோப்பில் தொங்கவிடலாமா?

கேள்வி: எங்கள் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) 66 வயது. நாடகங்களில் நடித்துக்கொண்டிருந்தவர். பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு சின்ன பட்ஜெட் அறிவியல் படத்தில், எதிர்காலத்திலிருந்து வரும் காவலாளியாக நடித்தார். இப்போது இரண்டாம் பாகம் எடுக்கிறார்கள். சித்திரைக் கடைசியில் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டில் ஷூட்டிங். இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. எட்டுக் கிலோ கவச உடுப்பு, மாடிப்படியில் ஓட்டம், ரோப்பில் ஒரு தாவல். அப்பச்சிக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை, பிரஷர் மாத்திரையும் உண்டு, வலது முட்டியில் வலி. லொகேஷன் பிடித்துத் தரும் ஏஜென்ட், "முட்டிக்கு மதுரையில் ஒரு ஊசி போட்டால் போதும், ஜிம் பவுடர் நான் வாங்கித் தருகிறேன், சர்டிபிகேட்டும் ரெடி" என்கிறார். அப்பச்சிக்கு ஆசை தாங்கவில்லை. விடலாமா, டாக்டர்?
(தேவகோட்டை வாசகி)

பதில்: நடிக்க விடலாம். அந்த ஏஜென்ட்டை மட்டும் திண்ணையைத் தாண்டி உள்ளே விடாதீர்கள்.

66 வயதில் உடம்பு தேறுமா என்று கேட்டால், தேறும். 1990-ல் அமெரிக்காவில், 90 வயதை ஒட்டிய முதியோர் இல்லவாசிகளுக்கு எட்டு வாரம் பளுப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். தொடையின் வலு இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது. அவர்களுக்கு உங்கள் அப்பச்சி பிள்ளை மாதிரி. மூன்று மாதத்தில் வலு வந்துவிடும். ஆனால் தசையை எலும்போடு பிடித்து வைத்திருக்கிற நாண் அவ்வளவு சீக்கிரம் தேறாது. இரண்டாவது மாதக் கடைசியில் அப்பச்சிக்கு இளவட்டம் ஆகிவிட்டதுபோல் இருக்கும். அப்போதுதான் யாரும் சொல்லாமலே ஒரு தாவு தாவிக் காட்டுவார், குதிகால் நாண் அறுந்துபோகும். எனக்கு அந்த இரண்டாவது மாதம்தான் பயம்.

ஹாலிவுட் நடிகை லிண்டா ஹாமில்டன் 'டெர்மினேட்டர்' படத்துக்குத் திரும்பி வந்தாரே என்று அப்பச்சி சொல்லக்கூடும். 1991-க்கு அப்புறம் 2019-ல், அறுபது தாண்டி வந்தார், உண்மைதான். அதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் உடம்பைத் தயார் செய்தார். கூடவே பயிற்சியாளர்கள் இருந்தார்கள். அப்பச்சிக்கு இருப்பது மூன்று மாதமும் ஓர் ஏஜென்ட்டும்.

சரி, ஊசிக்கு வருவோம். முட்டியில் போடுவது பெரும்பாலும் ஸ்டீராய்டு. வலி சில வாரம் அடங்கும், ஆனால் தேய்ந்தது தேய்ந்ததுதான். வாசலில் குரைக்கிற நாய்க்கு மயக்க மருந்து கொடுத்துவிட்டுத் திருடன் போய்விட்டான் என்று படுத்துக்கொள்வது போன்ற வேலை இது. வலி தெரியாத முட்டியோடு அவர் படியில் ஓடுவார். சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்த ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை எகிறும், அதை ஏஜென்ட் சொல்ல மாட்டார். 'ஸ்டெம் செல்', 'ஜெல்' என்று வேறு பெயரில் வந்தாலும் ஷூட்டிங்குக்காக எந்த ஊசியும் வேண்டாம்.

பவுடரும் அப்படித்தான். லேபிள் கிழித்த டப்பாவில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையை ஒரு தடவை பார்த்துவிட்டு, நன்றாக இருந்தால் தினம் இரண்டு முட்டை, மீன், ஒரு கிண்ணம் சுண்டல் போதும். நம் கும்மாயம் இனிப்பில் உளுந்து இருக்கிறதே, அதுவும் புரதம்தானே என்று அப்பச்சி வாதாடுவார். கருப்பட்டியும் நெய்யும் இருக்கிறது என்று நீங்கள் பதில் சொல்லுங்கள்.

சர்டிபிகேட் விஷயத்தில் எனக்குக் கோபம் அடங்குவதில்லை. ஒரு படப்பிடிப்புக்காரர் வாட்ஸ்அப்பில் ஆதார் கார்டை அனுப்பி, "ஃபிட் என்று ஒரு வரி போதும் டாக்டர்" என்றார். ஆள் எங்கே என்று கேட்டேன். சென்னையில் இருக்கிறாராம். நான் எழுதித் தரவில்லை. சாயங்காலத்துக்குள் வேறு யாராவது எழுதித் தந்திருப்பார்கள். நாற்பது வயது லாரி டிரைவரிடம் மருத்துவச் சான்று கேட்கிற நாட்டில், 66 வயது ஆளை மச்சிலிருந்து கயிற்றில் இறக்க ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போதும் என்றால் என்ன சொல்வது? 1947-ல் வெளிவந்த 'நாம் இருவர்' படத்தைக் காரைக்குடியில் எடுத்த காலத்திலிருந்து இந்தச் சீமைக்கு சினிமா புதிதில்லை. நடிக்க வருகிறவரின் முட்டியைத் தொட்டுப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

இன்சூரன்ஸ் எடுத்தாகிவிட்டது என்பார்கள். யார் பெயரில் என்று கேளுங்கள். படத்துக்கு எடுக்கிற பாலிசி பெரும்பாலும் தயாரிப்பாளரின் நஷ்டத்துக்குத்தான். நடிகர் படுத்துவிட்டால் ஷூட்டிங் நின்ற பணம் அவருக்கு வரும், ஆஸ்பத்திரி பில் உங்களுக்கு வரும். அப்பச்சி பெயரில் தனி விபத்துப் பாலிசி வேண்டும். அதில் வயது வரம்பும், சண்டைக் காட்சியை விலக்கும் வரியும் இருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகுதான் அட்வான்ஸ் வாங்க வேண்டும்.

அப்புறம் அந்த வீடு. எட்டுக் கிலோவைச் சுமந்து மச்சுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டிக்குப் பாரம். நம் பக்கத்து மச்சுப்படிகள் செங்குத்தாக, பாதிப் பாதம்தான் வைக்க முடிகிற மாதிரி இருக்கும். கீழே ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. எண்ணெய் போட்டுத் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற அளவு வழவழப்பாக இருக்கும். கவச உடுப்போடு கொடுக்கிற பூட்ஸுக்கு அடியில் பெரும்பாலும் வெறும் பிளாஸ்டிக்தான். முந்தின நாளே அந்த பூட்ஸை வாங்கி, அடியில் ரப்பர் ஒட்டச் சொல்லுங்கள். செருப்புத் தைப்பவர் அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுப்பார். கேட்டால் "கன்டினியூட்டி போய்விடும், ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் பொருந்தாது" என்பார்கள். பாதத்துக்கு அடியில் கேமரா போவதில்லை.

செட்டில் விபத்து என்றால் வயதின் மேல் பழி போடுவார்கள். 2014-ல் 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்குத் திரும்பி வந்த ஹாரிசன் ஃபோர்டுக்குக் கால் முறிந்தது. அப்போது அவருக்கு 71 வயது. ஓடியோ தாவியோ முறியவில்லை. ஒத்திகையில் விண்கலத்தின் உலோகக் கதவு அவர்மேல் இறங்கியது. தயாரிப்பு நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது, 2016-ல் பிரிட்டிஷ் நீதிமன்றம் 16 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. இங்கே அப்படி நடந்தால், பெரியவர் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருந்திருக்கலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த ஷாட்டுக்குப் போவார்கள்.

இனி சொல்வதை மெதுவாகப் படியுங்கள். பயிற்சி தொடங்கினால் கையில் ஸ்மார்ட் வாட்ச் கட்டி, நாடித்துடிப்பு இவ்வளவு போனால் நிறுத்து என்பார்கள். எல்லோருக்கும் அது சரி, சில பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் சரியில்லை. அப்பச்சியின் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெயர் 'லால்' அல்லது 'லோல்' என்று முடிகிறதா? அட்டெனலால், மெட்டோப்ரலால் மாதிரி? அந்த மாத்திரை இதயத்தை வேகமாக அடிக்க விடாது. அப்பச்சிக்கு மூச்சு முட்டும், வாட்ச் பச்சை விளக்கைக் காட்டும். ஆகவே வாட்ச்சைக் கழற்றி வைத்துவிட்டுப் பேச்சுக் கொடுங்கள். முழு வாக்கியம் பேச முடிந்தால் சரி, இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால் உட்கார வையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. சர்க்கரை திடீரென்று இறங்கினால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், அதை வைத்துத்தானே ஒரு மிட்டாயை வாயில் போடுவோம்? இந்த மாத்திரை அந்த நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். மிஞ்சுவது வியர்வைதான். கத்திரி வெயிலில் கவச உடுப்புக்குள் வியர்க்காதவர் யார்? ஷூட்டிங்கில் மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு வந்தாலும் வரும். அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தே ஆக வேண்டும், நீங்களோ தம்பியோ கூடவே இருந்து. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது, அது இதைவிட மோசம். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் படத்தைப் பற்றிச் சொல்லிக் கேளுங்கள். அட்டையில் அப்படிப் பெயர் இல்லையென்றால் இந்தக் கவலை இல்லை.

தண்ணீரையும் கவனியுங்கள். உடுப்பைக் கழற்றி மாட்ட நேரம் ஆகும் என்பதால், ஒன்றுக்குப் போக வேண்டுமே என்று வயதானவர்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். முன்பக்கம் ஜிப் வைத்துத் தரச் சொல்லி காஸ்ட்யூமரிடம் நீங்களே பேசுங்கள். அப்பச்சி கூச்சப்படுவார்.

கடைசியில் ரோப். வேண்டாம். டூப் போடச் சொல்லுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் இல்லை. 2015-ல் வந்த 'டெர்மினேட்டர் ஜெனிசிஸ்' படத்தில் இளைய அர்னால்டுக்கு உடம்பைக் கொடுத்தவர் வேறொருவர், முகம் கம்ப்யூட்டரில் செய்தது. அமிதாப் பச்சன் 80 வயதில், 2023-ல் ஹைதராபாத்தில் 'கல்கி' படத்தின் சண்டைக் காட்சியில் விலாவில் அடிபட்டுப் படுத்தார். படி இறங்கும் ஓட்டமும் டூப்புக்கே. மேல் படியில் திரும்பிப் பார்ப்பதும், கீழே வந்து மூச்சு வாங்குவதும் அப்பச்சி செய்யட்டும். நாடகக்காரருக்கு மூச்சு வாங்கிக் காட்டுவது ஒரு வேலையா?

நாளைக் காலையில் கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்றைச் சுவரோரம் போடுங்கள். அப்பச்சி கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, முப்பது விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுங்கள். பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். அவர் வயது ஆணுக்கு 12-க்குக் கீழே போனால் வலு குறைவு, அப்படியானால் முதல் மாதம் இந்த நாற்காலி மட்டும்தான் பயிற்சி. 12-ம் அதற்கு மேலும் வந்தால், மாத்திரை அட்டைகளையும் அந்த பூட்ஸையும் எடுத்துக்கொண்டு அழைத்து வாருங்கள்.