விமான வரலாற்றையே படித்துக்கொண்டிருக்கும் மகளுக்கு எந்த வேலை பொருந்தும்?

வணக்கம் அம்மா.

மகள் நேரம் கிடைத்தால் போதும், பழைய விமானங்களின் கதையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். பள்ளிப் படிப்பு முடிய ஒரு வருடம்தான் இருக்கிறது, என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டால் "பைலட்" என்று ஒரே பதில், வீட்டில் யாருக்கும் இந்தத் துறை தெரியாது, செலவை நினைத்தாலும் பயம், விபத்தை நினைத்தாலும் பயம். எல்லாம் புரிகிறது.

முதலில் ஒன்று. அந்தப் படிப்பை நிறுத்தச் சொல்லாதீர்கள். விமானத் துறையில் என்னென்ன வேலைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எதற்காகப் பிறந்தது, எது ஏன் காணாமல் போனது என்பதெல்லாம் அந்த வரலாற்றுக்குள்தான் கிடக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது, எந்த இடம் வரும்போது அவள் முகம் மலர்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. பறக்கும் இடமா, செய்யும் இடமா, கணக்குப் போடும் இடமா, தவறு எங்கே என்று தேடும் இடமா? அவளுக்கு ஏற்ற வேலையை நான் அங்கிருந்துதான் தேடத் தொடங்குவேன்.

ரைட் சகோதரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1903 டிசம்பர் 17, அமெரிக்காவின் கிட்டி ஹாக் அருகே மணல்வெளியில் ஆர்வில் ரைட் 12 விநாடி பறந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு இரண்டு வருடம் முன்னால் நடந்ததைப் பலர் சொல்வதில்லை. 1901இல் அவர்கள் செய்த கிளைடர் (இன்ஜின் இல்லாமல் காற்றில் சறுக்கும் விமானம்), கணக்குப்படி கிடைக்க வேண்டிய தூக்குவிசையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் தந்தது. அன்றைக்கு எல்லோரும் நம்பிய அட்டவணைகளை வைத்துத்தான் கணக்குப் போட்டிருந்தார்கள். சரி, அட்டவணை மேலேயே சந்தேகப்படுவோம் என்று ஊருக்குத் திரும்பித் தங்கள் சைக்கிள் கடையில் ஆறடி நீளத்தில் ஒரு மரப்பெட்டி செய்தார்கள். ஒரு முனையில் விசிறி, உள்ளே சைக்கிள் ஸ்போக் கம்பியும் ரம்பத் தகடும் கொண்டு செய்த சின்னத் தராசு. கையளவு இறக்கை மாதிரிகளை அதில் ஒவ்வொன்றாக மாட்டி, காற்று அதை எவ்வளவு தூக்குகிறது என்று அளந்து எழுதினார்கள். சுமார் 200 வடிவங்கள். 1902இல் செய்த கிளைடர் கணக்குப்படி தூக்குவிசை தந்ததற்கு அந்தப் பெட்டிதான் காரணம்.

இன்ஜினை யார் செய்தது? அவர்கள் கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர் என்ற மெக்கானிக். கடைசல் இயந்திரமும் துளையிடும் இயந்திரமும் வைத்துக்கொண்டு ஆறே வாரத்தில் 12 குதிரைத்திறன் இன்ஜினை முடித்தார். 1903இல் சாமுவேல் லாங்லி என்ற பெரிய விஞ்ஞானி, ராணுவத் துறை கொடுத்த 50,000 டாலருடன், 52 குதிரைத்திறன் இன்ஜின் பொருத்திய விமானத்தை வைத்திருந்தார். அது இரண்டு முறை பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. இரண்டாவது முறை விழுந்தது ரைட் சகோதரர்கள் பறப்பதற்கு 9 நாள் முன்பு. லாங்லியிடம் பலம் இருந்தது. காற்றில் சாயும்போது விமானத்தை நேராக்கும் வழியும், அதை ஓட்டிப் பழகிய கையும் ரைட்களிடம்தான் இருந்தன. கிளைடரில் நூற்றுக்கணக்கான தடவை சறுக்கிப் பழகிய பிறகுதான் அவர்கள் இன்ஜினையே தொட்டார்கள்.

இந்தக் கதையைச் சொல்லச் சொல்லி மகளிடம் கேளுங்கள். மணல்வெளியில் பறந்ததையே திரும்பத் திரும்பச் சொன்னால் அவள் மனம் ஓட்டுவதில் இருக்கிறது. மரப்பெட்டியையும் தராசையும் பற்றி அரை மணி நேரம் பேசினால், அம்மா, உங்கள் வீட்டில் இருப்பது விமானப் பொறியியல் படிக்க வேண்டிய பிள்ளை. சார்லி டெய்லர் அந்த இன்ஜினை எப்படிக் கடைந்தார் என்று துருவினால் பராமரிப்புப் பொறியாளர் வேலை இருக்கிறது. அதற்கும் தனி லைசென்ஸ் உண்டு. அந்தப் பொறியாளர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் பழுது பார்த்த விமானம் தரையை விட்டுக் கிளம்பாது. அந்த வேலைக்கு வெளியே கிடைக்கும் மரியாதை குறைவு என்பது என் நெடுநாள் வருத்தம். பெற்றோரும் அதை இரண்டாம் பட்சமாகத்தான் பார்க்கிறார்கள்.

அடுத்து, உங்கள் பயம். விபத்து. இதையும் வரலாற்றை வைத்தே பேசலாம்.

1935 அக்டோபரில் போயிங் நிறுவனத்தின் புதிய நான்கு இன்ஜின் விமானம் ஒன்று சோதனையில் கிளம்பிய உடனே விழுந்து எரிந்தது. ஓட்டியவர் அனுபவம் மிக்க சோதனை விமானி. தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாமல் இருக்க வால் பக்கத்து அசையும் பகுதிகளைப் பூட்டி வைப்பார்கள். அந்தப் பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். திறமையானவரே மறந்தார் என்றால் இன்னும் பயிற்சி கொடுத்து என்ன பயன்? கிளம்பும் முன் சரிபார்க்க வேண்டியதை ஒரு காகிதத்தில் எழுதி, வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்கும் வழக்கம் அங்கிருந்து வலுப்பெற்றது. இன்றைக்கும் எந்த பைலட்டும், எத்தனை ஆயிரம் மணி நேரம் பறந்தவரானாலும், அந்தப் பட்டியலைப் படிக்காமல் கிளம்புவதில்லை.

அப்புறம் காமெட். 1952இல் சேவைக்கு வந்த உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானம். 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு காமெட்கள் நடுவானில் உடைந்து மத்தியதரைக் கடலில் விழுந்தன. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஆய்வாளர்கள் ஒரு முழு காமெட்டின் உடலையே பெரிய தொட்டிக்குள் இறக்கினார்கள். உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் நிரப்பி, உள்ளே அழுத்தத்தை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, பல வருடப் பறத்தலைச் சில வாரங்களில் நடத்திக் காட்டினார்கள். காற்றைக் கொண்டு அழுத்தினால் உடையும்போது வெடிகுண்டு போலச் சிதறும், எங்கே விரிசல் தொடங்கியது என்றே தெரியாது. அதனால்தான் தண்ணீர். கடைசியில் உடல் பிளந்தது. விரிசல் ஒரு திறப்பின் மூலையிலிருந்து ஓடியிருந்தது. உலோகமும் களைத்துப் போகும் என்ற பாடத்தை வடிவமைப்பாளர்கள் அத்தனை பேரும் அன்றைக்குப் படித்தார்கள்.

அந்த காமெட் விசாரணையில் ஆஸ்திரேலியாவிலிருந்து பங்கெடுத்தவர் டேவிட் வாரன் என்ற வேதியியலாளர். அவருக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அப்பா விமான விபத்தில் இறந்துபோனார். விமானிகள் கடைசியாக என்ன பேசினார்கள், கருவிகள் என்ன காட்டின என்று தெரிந்தால் காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாமே என்று அவருக்குத் தோன்றியது. எஃகுக் கம்பியில் நான்கு மணி நேரப் பேச்சையும் கருவி அளவுகளையும் பதியும் பெட்டியைச் செய்து காட்டினார். நாம் கறுப்புப் பெட்டி என்று சொல்வது அந்த வழியில் வந்ததுதான். அவர் பைலட் இல்லை, அம்மா. ஆனால் அவருக்குப் பிறகு விமானம் ஏறிய ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். இப்படிப்பட்ட மனிதர்களைப் பற்றிப் படிக்கும்போது மகளுக்கு அந்த வாரமெல்லாம் தூக்கம் வரவில்லை என்றால், விபத்து ஆய்வு, உலோகவியல், பறத்தல் தரவுப் பகுப்பாய்வு என்று அவளுக்கு வாசல்கள் இருக்கின்றன. இந்தத் துறை பாதுகாப்பானதாக ஆனது இவர்களால்தான் என்பதால் உங்கள் பயத்துக்கும் பதில் இங்கேயே இருக்கிறது.

இப்போது சங்கடமான பகுதி. 1940களில் கடல் கடந்து போன பெரிய விமானத்தின் முன்பகுதியில் ஐந்து பேர் வரை உட்கார்ந்திருப்பார்கள்: விமானி, துணை விமானி, திசை கணிப்பவர், வானொலி இயக்குபவர், இன்ஜின்களைக் கவனிக்கும் பறக்கும் பொறியாளர். வானொலிக் கருவி எளிதானதும் வானொலிக்காரர் போனார். தானே இடம் கணிக்கும் கருவி வந்ததும் திசை கணிப்பவர் போனார். 1980களில் கணினித் திரைகள் வந்ததும் பொறியாளரின் நாற்காலியும் போனது. இன்றைக்கு இரண்டே பேர். அந்த இரண்டை ஒன்றாக்கலாமா என்ற பேச்சும் நடக்கிறது. எனக்கு அதில் சம்மதமில்லை, பல விமானிகளுக்கும் இல்லை. ஆனாலும் இன்று பயிற்சியில் சேரும் பிள்ளை முப்பது நாற்பது வருடம் வேலை பார்க்கப் போகிறவள். மாற்றம் வரும் என்று தெரிந்தே போக வேண்டும். அன்றைக்குப் போன அந்த மூன்று பேரில் வெறும் கருவியை இயக்கத் தெரிந்தவர்கள் திண்டாடினார்கள். கருவி ஏன் அப்படி வேலை செய்கிறது என்று அறிந்தவர்களுக்குத் தரையில் வேறு வேலை அமைந்தது. அதனால்தான் பைலட் பயிற்சியோடு ஒரு பட்டமும் இருக்கட்டும் என்று எப்போதும் சொல்கிறேன். 2001, 2008, 2020 என்று மூன்று தடவை இந்தத் துறை படுத்து எழுந்திருக்கிறது. 2020இல் உலகமெங்கும் விமானங்கள் வரிசையாக நிறுத்தி வைக்கப்பட்டன. கையில் இன்னொரு தகுதி இருந்தவர்கள் அந்த நாட்களைத் தாண்டினார்கள்.

பணத்தைப் பற்றி நான் கண்டிப்பாகச் சொல்வது: மருத்துவச் சான்றிதழ் வருவதற்கு முன் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். வணிக விமானிக்கு முதல் வகுப்புச் சான்றிதழ் வேண்டும். கண், காது, இதயம், நிறங்களைப் பிரித்தறிவது எல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டிருப்பது மட்டுமே தடையாகாது, கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். நிறக்குறைபாடு அப்படி இல்லை, அது பலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. இந்தச் சோதனை ஒரு முறையோடு முடிவதும் இல்லை, பொதுவாக ஆண்டுக்கொரு முறை தொடரும்.

பயிற்சிப் பள்ளியில் விளம்பரப் படத்தைப் பார்க்காமல் இவற்றைக் கேளுங்கள்: இன்று பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள், எத்தனை பயிற்சியாளர்கள், எத்தனை மாணவர்கள், போன வருடம் முடித்தவர்களுக்கு எத்தனை மாதம் பிடித்தது? முழுத் தொகையை முன்கூட்டியே கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பறந்த மணிக்கு ஏற்பத் தவணையில் கட்டுவதே முறை. நடுவில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். "வேலை உறுதி" என்று வாயால் சொல்பவரிடம் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். சர்வதேச விதிப்படி வணிக விமானி உரிமத்துக்குக் குறைந்தது 18 வயது. பெரிய விமானத்தின் தலைமை விமானியாக வேண்டுமானால் 21 வயதும் 1,500 மணி நேரமும். முதல் உரிமம் கையில் வருவதற்கும் அந்த 1,500க்கும் இடையிலான காலத்தைத்தான் குடும்பங்கள் கணக்கில் எடுக்க மறக்கின்றன.

விமானக் கட்டுப்பாட்டு அலுவலர் வேலையை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஒரே நேரத்தில் பல விமானங்களின் உயரமும் வேகமும் தலைக்குள் வைத்து, பதறாமல் பேசத் தெரிந்தவர்களுக்கான இடம் அது. தனி மருத்துவத் தகுதியும் தேர்வும் உண்டு.

பெண் பிள்ளையாயிற்றே என்ற தயக்கம் உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் தெரிந்தது. அமெரிக்காவில் கறுப்பினப் பெண் என்று பறக்கும் பள்ளிகள் சேர்க்க மறுத்ததால் பெஸ்ஸி கோல்மன் பிரெஞ்சு மொழி கற்று பிரான்ஸ் போய் 1921இல் உரிமம் வாங்கினார். 1930இல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த ஏமி ஜான்சன், அதற்கு முன்பே விமானம் பழுது பார்க்கும் லைசென்ஸும் வாங்கி வைத்திருந்தார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் போர் விமானங்கள் சட்டென்று கீழே பாயும்போது இன்ஜின் திணறியது. நடுவில் துளையிட்ட ஒரு சின்ன உலோகத் துண்டைப் பொருத்தி அதைச் சமாளித்தவர் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர். மகளிடம் இந்த மூவரையும் பற்றிக் கேட்டுப் பாருங்கள். உங்களைவிட அவளுக்கு அதிகம் தெரிந்திருக்கும்.

இனி உனக்கு, மா. அம்மா இதை உன்னிடம் காட்டுவார்கள் என்று நினைக்கிறேன். இயற்பியலையும் கணிதத்தையும் விட்டுவிடாதே, மேலே சொன்ன எந்த வேலைக்கும் அவை இரண்டும் வேண்டும். விமானத்துக்கும் தரைக்கும் இடையே உலகெங்கும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள், அதனால் ஆங்கிலத்தில் தயங்காமல் பேசப் பழகு. கணினியில் பறக்கும் விளையாட்டு விளையாடுகிறாய் என்றால் அதையும் ஒழுங்காகச் செய்: பட்டியல் படித்துக் கிளம்பு, இறங்கியதும் எங்கே தவறினாய் என்று எழுதி வை. பியானோவும் ஆர்கனும் செய்யும் குடும்பத்தில் வளர்ந்த எட்வின் லிங்க், 1929இல் ஆர்கனின் காற்றுத் துருத்திகளை வைத்துத்தான் தரையிலேயே பறக்கப் பழகும் இயந்திரத்தைச் செய்தார். இரண்டாம் உலகப் போர் விமானிகள் லட்சக்கணக்கில் அதில் பழகினார்கள். பள்ளி இறுதித் தேர்வுக்கு முன் ஒரு காகிதத்தில் மூன்று பெயர் எழுதி எனக்கு அனுப்பு: நீ படித்த வரலாற்றில் யாருடைய வேலையை நீ செய்திருக்க ஆசைப்படுகிறாய், அந்த நாளில் அவர் கையில் என்ன இருந்தது என்று. மருத்துவச் சோதனை முடிவையும் சேர்த்து அனுப்பினால், எந்தப் படிப்பு, எந்த வரிசையில் என்று மூவரும் உட்கார்ந்து பேசலாம்.