சினையோட இருக்கற சிங்கமீனை (லயன்ஃபிஷ்) குத்திப் பிடிக்கறது பாவமில்லையா?

நீங்க மத்தியதரைக் கடல் தீவு சைப்ரஸ்ல டைவர்ஸ் இந்த மீனைப் பிடிக்க ஈட்டியோட நிக்கற வீடியோ எதையோ பாத்துட்டுத்தான் கேட்டிருப்பீங்கன்னு நினைக்கறேன். எனக்கும் முதல்ல மனசு ஒப்பல. எங்க ஊரு தூத்துக்குடி, அப்பா விசைப்படகுல போனவரு. சின்ன வயசுல மீன்பிடி தடைக்காலம் 45 நாள், இப்போ ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள். படகு கரையில நிக்கும், வீட்ல காசு இருக்காது, ஆனா மீன் சினை போடற நேரம்னு அப்பா ஒரு வார்த்தை குறை சொன்னதில்ல.

அப்படி வளந்தவன் சைப்ரஸ்ல லார்னகாங்கற ஊர்ல ஒரு ஹோட்டல் கிச்சன்ல மீன் வெட்டற வேலைக்குப் போனேன். ஒரு ஆகஸ்ட் மாசம் சிங்கமீன் வயித்தக் கீறுனா உள்ள கண்ணாடி மாதிரி கொழகொழன்னு, அதுக்குள்ள பொடிப்பொடியா முட்டை. குப்பையில போட கை வரல. அப்பாவுக்கு போன் பண்ணேன். அது அந்தக் கடல் மீனே இல்லப்பா, சூயஸ் கால்வாய் வழியா செங்கடல்லருந்து வந்ததுன்னு சொன்னேன். "அப்போ அறுத்துப் போடுல"ன்னாரு.

1991-லயே இஸ்ரேல் பக்கம் ஒண்ணு மாட்டுச்சு, ஆனா அப்போ பெருகல. 2012-ல லெபனான்ல தென்பட்டுச்சு, அடுத்த சில வருஷத்துல சைப்ரஸ் பாறையெல்லாம் இதான். தண்ணி 10 டிகிரிக்குப் போனா இது செத்துடும், 16-க்குப் பக்கத்துலயே தீனி எடுக்காது. கடல் சூடாக சூடாக அந்தக் குளிர்தான் இல்லாம போகுது. சாயங்காலம் இருட்டற நேரம் ஜோடியா மேல வரும், பொட்டை ரெண்டு வழுவழுப்பு உருண்டையா முட்டைய விடும், ரெண்டுலயும் சேத்து இருபதாயிரத்துக்கு மேல இருக்கும். ஒண்ணரை நாள்ல பொரிஞ்சு, குஞ்சு ஒரு மாசம் கிட்ட நீரோட்டத்தோட எங்கயோ போய் இறங்கும். இதே மாதிரி வெளியிலருந்து புகுந்த அட்லாண்டிக்ல மூணு நாலு நாளைக்கு ஒரு தடவை, வருஷத்துக்கு 20 லட்சம் முட்டைன்னு கணக்கு. அந்தக் கணக்க இங்க ஒட்டாதேன்னு யாரும் சண்டைக்கு வராதீங்க, மத்தியதரைக் கடல்ல முக்கியமா கோடையிலதான் போடுதுன்னு எனக்கும் தெரியும், ஆனா அந்தக் கோடைதான் இப்போ நீளுதே.

நம்ம மன்னார் வளைகுடாவுலயும் இந்த மீன் உண்டு, அங்க அது சொந்தக் கடல் மீன், அத யாரும் இப்படித் தேடிப் போய்க் கொல்ல வேண்டியதில்ல. சைப்ரஸ்ல சினை மீன விட்டா அதோட குஞ்சுங்க பாறை பாறையா பரவி, அங்க இருக்கற சின்ன மீனையெல்லாம் தின்னு குறைச்சுடும். அதனால சினையோட இருக்கறதத்தான் முதல்ல பிடிக்கணும், இத நான் உறுதியா சொல்வேன்.

சதையில விஷம் இல்ல, முள்ளுல மட்டும்தான், மொத்தம் 18. ஒரு தடவை எனக்குக் குத்தி கை வீங்கி ரெண்டு நாள் கத்தியே பிடிக்க முடியல, அந்த ரெண்டு நாள் சம்பளத்தையும் முதலாளி பிடிச்சுக்கிட்டாரு. அவரு கொடுத்த மீன வெட்டும்போதுதான குத்துச்சு? விசா அவரு கையில, யார்கிட்ட போய்க் கேக்க? மனசு இன்னும் ஆறல. உங்களுக்குக் குத்துனா கை பொறுக்கற அளவு சுடுதண்ணியில உடனே முக்குங்க, அந்த விஷம் சூட்டுல முறியும், அப்புறம் டாக்டர்ட்ட போங்க.