முதலாளிகிட்ட வேலைய விடுறேன்னு எப்படி சொல்றது?

கேள்வி: திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் பாக்குறேனுங்க. இந்த மாசக் கடைசியோட 4 வருஷம் 7 மாசம் முடியுது. கோயமுத்தூர்ல நல்ல சம்பளத்துக்கு வேற வேலை கெடச்சிருக்கு, 15 நாள்ல சேரச் சொல்றாங்க. ஆனா என் அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டர்ல ஒரு மாசம் நோட்டீஸ்னு போட்டிருக்கு. முதலாளி என்னைய வீட்டுப் பொண்ணாட்டம் பாத்துக்கிட்டவருங்க, என் கல்யாணத்துக்கு குடும்பத்தோட வந்து முன்னாடி நின்னாரு. அவரு மூஞ்சிய பாத்து எப்படி சொல்றது? அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு நின்னுரலாமான்னு தோணுது.
வாசகி, திருப்பூர்

பதில்: பொய் மட்டும் வேணாம்மா. திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் நடுவுல எவ்வளவு தூரம் சொல்லுங்க, அதே ஆடிட்டருங்க, அதே பையிங் ஆபீஸ் ஆளுங்க ரெண்டு ஊர்லயும் போய்ட்டு வந்துட்டு இருப்பாங்க, நீங்க புது எடத்துல உக்காந்திருக்குறது ஒரு மாசத்துல அவரு காதுக்கு போயிரும். வேலைய விட்டதுக்கு மனுஷன் வருத்தப்படுவாரு, அது ரெண்டு நாள்ல சரியாயிரும். அம்மாவ வச்சு பொய் சொன்னான்னு தெரிஞ்சா அந்த கோவம் போகவே போகாது.

அதவிட முக்கியமா உங்க கேள்விலயே ஒரு விஷயம் இருக்கு, நீங்க கவனிக்கல. 4 வருஷம் 7 மாசம்னு எழுதியிருக்கீங்க. கிராஜுவிட்டிக்கு, அதாவது வேலைய விடுறப்ப கம்பெனி மொத்தமா குடுக்குற பணிக்கொடைக்கு, 5 வருஷம் வேணும்னு எல்லாரும் சொல்வாங்க, ஆனா 4 வருஷம் முடிச்சு அஞ்சாவது வருஷத்துல 240 நாள் வேலை பாத்திருந்தாலே தகுதி உண்டுன்னு சென்னை உயர் நீதிமன்றமே தீர்ப்பு குடுத்திருக்கு. 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற எடம்னா இது பொருந்தும். நோட்டீஸ் குடுத்துட்டு வேலை பாக்குற நாளும் சர்வீஸ்லதான் சேரும், அப்ப அந்த ஒரு மாசத்த ஒழுங்கா முடிச்சீங்கன்னாவே 4 வருஷம் 8 மாசம் ஆயிருது, 240 நாள் கணக்கு கிட்ட வந்துரும். சம்பளம் இல்லாம போட்ட லீவு இதுல சேராது, அதனால அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர எடுத்து உக்காந்து எண்ணிப் பாருங்க, கொஞ்சம் கொறஞ்சா கடைசி நாள இன்னும் ரெண்டு மூணு வாரம் தள்ளி வைங்க. உதாரணத்துக்கு பேசிக்கும் டிஏவும் (அகவிலைப்படி) சேந்து 18,000னு வச்சுக்கங்க, அத 26ஆல வகுத்து 15ஆல பெருக்கி, ஆறு மாசத்துக்கு மேல இருக்குறது முழு வருஷமா எடுத்துக்குவாங்க, அதனால 5ஆல பெருக்கினா 51,923 ரூபா வருது. 15 நாள்ல ஓடிப் போனா இது உங்க கைக்கு வராது.

அதனால மொதல்ல கோயமுத்தூர்க்காரங்ககிட்ட பேசுங்க. "இப்ப இருக்குற எடத்துல நோட்டீஸ் முடிச்சுட்டு வர்றேன் சார், பொறுப்ப பாதில விட்டுட்டு வர முடியாது"ன்னு சொன்னா நல்ல கம்பெனிக்காரங்க ஒத்துக்குவாங்க, நாளைக்கு நம்மகிட்டயும் இப்படித்தான் நடந்துக்கும் இந்தப் பொண்ணுன்னு அவங்களுக்கே புரியும். புது ஆர்டர் லெட்டர் சேர்ற தேதியோட கையில வந்தப்பறம்தான் இங்க வாய தெறக்கணும், வாய் வார்த்தைய நம்பி ரிசைன் பண்ணவே கூடாது.

அப்பறம் முதலாளிகிட்ட சொல்றது. ஷிப்மெண்ட் போற அன்னைக்கோ சம்பளம் போடுற அன்னைக்கோ வேணாம். கொஞ்சம் ஓய்வா இருக்குற நேரமா பாத்து, "அண்ணா ஒரு அஞ்சு நிமிஷம் பேசணும்"னு உள்ள போய் உக்காந்து நேரா சொல்லிருங்க. பக்கத்து சீட்டு ஆளுகிட்ட கூட அதுக்கு முன்னாடி சொல்லாதீங்க, மத்தவங்க வாயில இருந்து கேட்டார்னா அதுதான் அவருக்கு ரொம்ப வலிக்கும். சம்பளம் கம்மி, அந்த மேனேஜர் சரியில்லன்னு இப்ப பட்டியல் போட வேணாம், வேற நல்ல வாய்ப்பு வந்திருக்குங்கண்ணான்னு சொன்னா போதும். சம்பளத்த ஏத்தித் தர்றேன் இருன்னு சொன்னா என்ன பதில்னு வீட்டுல உக்காந்து முன்னாடியே முடிவு பண்ணிட்டு போங்க, அங்க போய் திணறக் கூடாது. பேசிட்டு வந்த அன்னைக்கே லெட்டரும் குடுத்துருங்க. இவ்வளவுதான் எழுதணும்:

"ஐயா, தங்கள் நிறுவனத்தில் கணக்காளராகப் பணிபுரிந்து வரும் நான், சொந்தக் காரணங்களுக்காகப் பணியிலிருந்து விலக விரும்புகிறேன். நியமன ஆணைப்படி ஒரு மாத முன்னறிவிப்பு தருகிறேன். என் கடைசிப் பணிநாள் இன்ன தேதி. அதற்குள் என் பொறுப்புகளை முழுமையாக ஒப்படைத்துவிடுகிறேன். இத்தனை ஆண்டுகள் தந்த ஆதரவுக்கு நன்றி."

ரெண்டு காப்பி எடுங்க, ஒண்ணுல தேதி போட்டு கையெழுத்து வாங்கி வச்சுக்கங்க, மெயிலும் ஒண்ணு அனுப்பிருங்க.

ஒப்படைக்கிறதுதான் உண்மையான மரியாதை, என்ன கேட்டா லெட்டர விட இதுதான் பெருசு. அக்கவுண்ட்ஸ் ஆளு போயிட்டா ஆபீஸ் திண்டாடுறது வரியும் பிஎஃப்பும் கட்டுற கடைசித் தேதிலதான். டிடிஎஸ் 7ந் தேதி, ஜிஎஸ்டிஆர் 1 மாசாமாசம் போடுறவங்கன்னா 11ந் தேதி, பிஎஃப் இஎஸ்ஐ 15, ஜிஎஸ்டிஆர் 3பி 20ன்னு ஒரு நோட்டுல எழுதி, எந்த பார்ட்டிகிட்ட எவ்வளவு நிக்குது, எந்த பில்லு தகராறுல இருக்கு, டேலி (கணக்கு சாஃப்ட்வேர்) பேக்கப் எங்க இருக்குன்னு எல்லாம் எழுதிக் குடுங்க. ரொம்ப பேரு மறக்குறது இன்னொண்ணு, ஜிஎஸ்டி போர்ட்டல்லயும் பேங்க்லயும் உங்க செல் நம்பர் குடுத்து வச்சிருந்தீங்கன்னா கடைசி நாளைக்குள்ள மாத்த வச்சிருங்க, இல்லன்னா நீங்க புது ஆபீஸ்ல இருக்குறப்ப இவங்க ஓடிபிக்கு ஃபோன் பண்ணிட்டே இருப்பாங்க, நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா பேச்சும் உங்க மேலதான் வரும்.

கேள்வி: சென்னைல ஐடி கம்பெனி, 90 நாள் நோட்டீஸ். புது கம்பெனி 30 நாள்ல கூப்புடுது. மேனேஜர் விடவே மாட்டேங்குறாரு. சொல்லாம நின்னுட்டா என்ன ஆகும்?
வாசகர், மேடவாக்கம்

பதில்: நிக்காதீங்க தம்பி. அப்ஸ்காண்டிங்னு, அதாவது சொல்லாம ஓடிட்டாருன்னு, ரெக்கார்டுல போட்டுட்டா ரிலீவிங் லெட்டர் வராது, பின்னாடி பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்ல அது நிக்கும். ஆர்டர்ல பைஅவுட் இருக்கான்னு பாருங்க, இருந்தா மிச்ச நாளுக்கு பணம் கட்டிட்டு போலாம், சில புது கம்பெனி அத திருப்பித் தரும், கேக்க கூச்சப்படாதீங்க. அந்தப் பணத்து மேல ஜிஎஸ்டி கேட்டா குடுக்க வேணாம், நோட்டீஸுக்குப் பதிலா கட்டுற பணத்துக்கு ஜிஎஸ்டி கெடையாதுன்னு 2022 ஆகஸ்ட்லயே மத்திய அரசோட வரித்துறை சுற்றறிக்கை போட்டிருச்சு. மேனேஜர் அசையலன்னா எச்ஆருக்கு மெயில்ல எழுதுங்க, வேலைய ஒப்படைக்கிற திட்டம் (கேடி பிளான்) ஒண்ணு தேதி வாரியா நீங்களே போட்டுக் குடுங்க, யாரு எத எடுத்துக்கப் போறாங்கன்னு கண்ணுல தெரிஞ்சா பல மேனேஜருங்க 45 நாள்ல விட்டுருவாங்க.

கேள்வி: வேலைய விட்டு ரெண்டு மாசம் தாண்டிருச்சு, கடைசி மாச சம்பளம் வரல. பிஎஃப்ல எக்ஸிட் தேதியும் போடல.
வாசகர், ஓசூர்

பதில்: 2025 நவம்பர் 21ல இருந்து அமல்ல இருக்குற ஊதியச் சட்டத் தொகுப்புல, ரிசைன் பண்ணவங்களுக்கும் பாக்கி சம்பளத்த 2 வேலை நாளுக்குள்ள குடுக்கணும்னு இருக்கு. அத குறிப்பிட்டு மரியாதையா ஒரு மெயில் போடுங்க, பதில் இல்லன்னா தொழிலாளர் துறை ஆபீஸ்ல மனு குடுங்க. பிஎஃப் எக்ஸிட் தேதிக்கு யாரையும் கெஞ்ச வேணாம், கடைசியா பணம் கட்டி ரெண்டு மாசம் ஆயிட்டா பிஎஃப்போட யுஏஎன் போர்ட்டல்ல போய் நீங்களே போட்டுக்கலாம். பணத்த எடுத்துராம புது கணக்குக்கு மாத்திருங்க, பென்ஷனுக்கு 10 வருஷ சர்வீஸ் வேணும், எடுத்துட்டா அந்த வருஷங்க போயிரும்.