1 + 1/2 + 1/3 + 1/4 + ... எங்கேயும் நிற்காமல் முடிவிலிக்குப் போவது எப்படி?

கேள்வி: 1/2 + 1/4 + 1/8 + ... என்று எவ்வளவு கூட்டினாலும் 1-ஐத் தாண்டாது. ஆனால் 1 + 1/2 + 1/3 + 1/4 + ... முடிவிலிக்குப் போகும் என்கிறார்கள். இரண்டிலும் உறுப்புகள் சைபரை நோக்கித்தானே போகின்றன? கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தால் எங்கோ நின்றுவிடும்போலத்தான் தெரிகிறது. சரி, இதற்கு நிஜ வாழ்க்கையில் ஏதாவது உபயோகம் உண்டா?

பதில்:

நின்றுவிடும்போலத் தெரிவதில் தப்பே இல்லை. எனக்கு நின்றே விட்டது, 15.403683-இல்.

கல்லூரியில் முதல் வருடம். சி மொழி அப்போதுதான் கற்றிருந்தேன். இந்தத் தொடரை ஒரு கோடி உறுப்பு வரை கூட்டச் சொல்லி நாலு வரியில் நிரல் எழுதினேன். விடை 15.403683. இரண்டு கோடி வரை ஓட்டினேன். 15.403683. பத்துக் கோடி வரை விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்த் திரும்பினேன். அப்போதும் அதே 15.403683, கடைசி இலக்கம்கூட அசையவில்லை. புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டேன் என்ற நினைப்பில் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் பேராசிரியரிடம் தாளை நீட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஃப்ளோட்ல போட்டியாப்பா? டபுள்ல போட்டுப் பாரு" என்றார். இரண்டும் சி மொழியில் தசம எண்களை வைத்துக்கொள்ளும் வகைகள், டபுளில் கூடுதல் இலக்கங்கள் நிற்கும். போட்டேன். ஒரு கோடி உறுப்புக்கு 16.695, பத்துக் கோடிக்கு 18.998. என் கண்டுபிடிப்பின் ஆயுள் ஒரு ராத்திரி.

நடந்தது இதுதான். மொத்தத்தை முழு ரூபாயாக மட்டுமே எழுதும் ஒரு கணக்குப்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். பேரேட்டில் 15 ரூபாய் இருக்கிறது. 40 பைசா வருகிறது. 15.40-ஐ முழுமையாக்கி 15 என்றே எழுதுகிறார். அடுத்த 40 பைசா வரும்போதும் 15 தான். இப்படியே நாள் பூராவும் வந்து கல்லாவில் லட்ச ரூபாய் சேர்ந்தாலும் பேரேடு 15-ஐ விட்டு நகராது. ஃப்ளோட் என்பது அந்தக் கணக்குப்பிள்ளைதான், ஆனால் அவருடைய 'ரூபாய்' ரொம்பப் பொடியானது. மொத்தம் 8-க்கும் 16-க்கும் இடையில் இருக்கும்போது அதனால் எழுத முடிகிற மிகச் சிறிய படி 2-இன் 20-ஆம் அடுக்கில் ஒரு பங்கு. அதில் பாதிக்கு மேல் இருந்தால்தான் புது உறுப்பு கணக்கில் ஏறும். 2-இன் 21-ஆம் அடுக்கு 20,97,152. அந்த உறுப்பை எட்டியதிலிருந்து வந்தது எல்லாம் பைசாக்கள், ஒன்றுகூட ஏறவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. அந்த 20,97,152 உறுப்புகளின் உண்மையான கூட்டுத்தொகை ஏறக்குறைய 15.13 தான். நின்ற இடமும் தப்பு, நின்றபோது காட்டிய எண்ணும் தப்பு. அதே ஃப்ளோட்டில் கடைசி உறுப்பிலிருந்து முதல் உறுப்புக்குத் தலைகீழாகக் கூட்டினால் 15.13 சரியாக வருகிறது, ஏனென்றால் பைசாக்கள் முதலில் தங்களுக்குள் சேர்ந்து ரூபாயாகிவிடுகின்றன. இப்போது கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு. ரவுண்ட்-ஆஃப் வித்தியாசம் என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த 15.403683 ஞாபகம் வரும்.

சரி, கணினியும் கால்குலேட்டரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. பின்னே எப்படித் தெரியும்? 14-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் இருந்த நிக்கோல் ஓரெம் என்பவர் ஒரு வழி கண்டார். அவர் பிற்பாடு பிஷப் ஆனவர். அவர் செய்தது வெறும் கட்டு கட்டுகிற வேலை.

1/3 + 1/4. இதில் 1/3-ஐ எடுத்துவிட்டு அதைவிடச் சிறிய 1/4-ஐ வைத்தாலும் இரண்டு கால் சேர்ந்து அரை. ஆக இந்தக் கட்டு அரைக்கு மேல். அடுத்து 1/5 + 1/6 + 1/7 + 1/8. எல்லாவற்றையும் 1/8 ஆகக் குறைத்தாலும் நாலு அரைக்கால், அதாவது அரை. அடுத்த எட்டு உறுப்புகளும் சேர்ந்து அரைக்கு மேல். அதற்கடுத்த பதினாறும் அப்படியே. கட்டின் நீளம் இரட்டித்துக்கொண்டே போகிறது, ஆனால் உறுப்புகள் தீர்ந்துபோகப் போவதில்லை. எனவே கட்டுகளும் தீராது. அரை, அரை, அரை என்று முடிவில்லாமல் சேர்த்தால் எந்த எண்ணைத்தான் தாண்ட முடியாது? உங்கள் 1/2 + 1/4 + 1/8-இல் இந்த வித்தை பலிக்காது. அங்கே ஒவ்வொரு உறுப்பும், தனக்குப் பின்னால் வருகிற எல்லாம் சேர்ந்தாலும் எவ்வளவோ அவ்வளவு பெரியது. கட்டுவதற்குச் சரக்கே இல்லை.

ஓரெமின் இந்த வாதத்தை அப்புறம் எல்லோரும் மறந்துபோனார்கள். இத்தாலியில் மெங்கோலி 1650-இல் வேறு வழியில் நிரூபித்தார். 1689-இல் யாக்கோப் பெர்னூலி தன் தம்பி யோகானின் நிரூபணம் ஒன்றை வெளியிட்டார். என் ஓட்டு மெங்கோலிக்குத்தான். 1-ஐத் தனியே வைத்துவிட்டு மீதியை மூன்று மூன்றாகக் கட்டுங்கள். 1/2 + 1/3 + 1/4 என்பது நடுவில் உள்ள 1/3-இன் மூன்று மடங்கைவிட, அதாவது 1-ஐவிடப் பெரியது. 1/5 + 1/6 + 1/7 என்பது 3/6-ஐவிட, அதாவது அரையைவிடப் பெரியது. 1/8 + 1/9 + 1/10 என்பது 1/3-ஐவிடப் பெரியது. கவனித்தீர்களா? கட்டுகளிலிருந்து 1, 1/2, 1/3 என்று பழைய தொடரே மறுபடி கிளம்பி வருகிறது. தனியே வைத்த 1 வேறு இருக்கிறது. ஆக, இந்தத் தொடருக்கு ஒரு மொத்தம் உண்டு என்றால், அந்த மொத்தம் 'அதே மொத்தம் + 1'-ஐவிடப் பெரியதாக இருக்க வேண்டும். அப்படி ஓர் எண் கிடையாது, ஆகவே மொத்தமும் கிடையாது.

கால்குலேட்டரில் நிற்பதுபோலத் தோன்றக் காரணம் வேகம், அல்லது அது இல்லாமை. 2-ஐத் தாண்ட 4 உறுப்புகள் போதும். 3-ஐத் தாண்ட 11, 4-க்கு 31, 5-க்கு 83, 6-க்கு 227, 10-க்கு 12,367. ஒவ்வொரு படிக்கும் ஏறக்குறைய 2.718 மடங்கு உறுப்புகள் வேண்டும். ஆமாம், இயற்கை மடக்கையின் அடிமானமான அதே 2.718. 1/x வளைவின் கீழுள்ள பரப்பைத் தொகையிடலில் கண்டுபிடித்தால் மடக்கைதான் வருகிறது, நம் தொடர் அதை ஒட்டியே நடக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.5772... என்ற எண்ணை நெருங்கும். கணித மேதை ஆய்லரின் பெயரால் அழைக்கப்படும் இந்த எண்ணைப் பின்னமாக எழுத முடியுமா முடியாதா என்று இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை.

100-ஐத் தாண்ட எத்தனை உறுப்பு வேண்டும் தெரியுமா? அது ஒரு 44 இலக்க எண். பிரபஞ்சம் தோன்றி சுமார் 1,380 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அன்றிலிருந்து விநாடிக்கு ஓர் உறுப்பாக யாராவது கூட்டிக்கொண்டிருந்தால் இப்போது 41-ஐத்தான் தாண்டியிருப்பார். நம் பேராசிரியர் சொன்ன டபுளும் ஒரு கட்டத்தில் நின்றுவிடும், ஆனால் 281 லட்சம் கோடி உறுப்புகளுக்கு அப்புறம், 34-க்குப் பக்கத்தில்.

ஆக, உறுப்பு சைபரை நோக்கிப் போகிறதா என்பது முதல் வாசல் மட்டும். எவ்வளவு சுருக்காகப் போகிறது என்பதில்தான் விஷயம். 1 + 1/4 + 1/9 + 1/16 + ... என்று வர்க்கங்களைப் போட்டால் 1.645 பக்கத்தில் அடங்கிவிடும். பகா எண்களை மட்டும் எடுத்து 1/2 + 1/3 + 1/5 + 1/7 + ... என்று போட்டால் அடங்காது, அதையும் ஆய்லர்தான் 1737-இல் காட்டினார். வர்க்க எண்களைவிடப் பகா எண்கள் நெருக்கமாக இருக்கின்றன என்று இதை வைத்தே சொல்லலாம்.

நான் இதைவிட அதிகமாக வாயைப் பிளந்த இடம் ஒன்று உண்டு. நம் தொடரிலிருந்து, பகுதியில் 9 என்ற இலக்கம் வருகிற உறுப்புகளை மட்டும் அடித்துவிடுங்கள். 1/9, 1/19, 1/90, 1/1947, எல்லாம் காலி. மிச்சம் இருப்பது அடங்கிவிடுகிறது! 1914-இல் கெம்ப்னர் என்பவர் காட்டியது. மொத்தம் 22.92 சொச்சம். பத்தில் ஒரு இலக்கத்தைத்தானே எடுத்தோம், அதற்குள் முடிவிலி எங்கே போனது? ஒரு பேனாவை எடுத்தால் நீங்களே நிரூபித்துவிடலாம். 9 இல்லாத ஓரிலக்க எண்கள் 8, ஈரிலக்க எண்கள் 8 × 9, மூவிலக்கம் 8 × 9 × 9. ஓரிலக்க உறுப்புகள் ஒவ்வொன்றும் 1-ஐத் தாண்டாது, ஈரிலக்கம் 1/10-ஐத் தாண்டாது, மூவிலக்கம் 1/100-ஐத் தாண்டாது. ஆக மொத்தம் 8 + 8 × 0.9 + 8 × 0.81 + ... என்பதற்குள் அடங்க வேண்டும். இது பெருக்குத் தொடர், கூடுதல் 80. அவ்வளவுதான். நாம் புழங்குகிற எண்கள் எல்லாம் குட்டி எண்கள் என்பதால் நமக்கு உறைப்பதில்லை. நூறு இலக்க எண் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் அதில் 9 இல்லாமல் இருக்க லட்சத்தில் மூன்று வாய்ப்புகூடக் கிடையாது. 9-ஐ அடித்தபோது நாம் ஏறக்குறைய எல்லாவற்றையும் அடித்துவிட்டோம்.

உபயோகம் கேட்டீர்களே. ஒரே அளவுப் புத்தகங்களை மேசை விளிம்பில் அடுக்கி, மேலே உள்ளது எவ்வளவு தூரம் வெளியே நீட்டலாம் என்று பாருங்கள். மேல் புத்தகம் அதற்குக் கீழே இருப்பதற்கு வெளியே பாதி நீளம் நீட்டலாம், அடுத்தது கால், அடுத்தது ஆறில் ஒன்று, அடுத்தது எட்டில் ஒன்று. நம் தொடரின் பாதி! நாலு புத்தகத்திலேயே 25/24 நீளம் வந்துவிடுகிறது, அதாவது மேல் புத்தகம் முழுக்க மேசைக்கு வெளியே. அலுவலகத்தில் பழைய பேரேடுகளை வைத்து முயன்றேன். நாலில் சரிந்து விழுந்தது, ஐந்தில் நின்றது. 52 சீட்டுகளில் கணக்குப்படி இரண்டேகால் சீட்டு நீளம் போகலாம். தொடர் அடங்காது என்பதால், புத்தகம் இருந்தால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நீட்டலாம். கட்டடக் காண்ட்ராக்டர் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

ஆனால் இந்தத் தொடர் என் பாக்கெட்டில் கைவைத்தது அதற்கு வெகு முன்னால், ஆறாம் வகுப்பில். பபிள்கம் உறைக்குள் கிரிக்கெட் வீரர் படம் வரும். மொத்தம் 50 படம். எல்லாம் சேர்த்தால் ஒரு மட்டை பரிசு. பபிள்கம் 50 பைசா. ஐம்பது படத்துக்கு அறுபது, எழுபது பபிள்கம் ஆகும், மிஞ்சிப்போனால் நூறு என்று கணக்குப் போட்டேன்.

கையில் ஒன்றும் இல்லாதபோது எது வந்தாலும் புதுப்படம். 25 சேர்ந்த பிறகு, வருவது புதிதாக இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு, எனவே சராசரியாக இரண்டு வாங்கினால் ஒரு புதுப்படம். இரண்டு படம் பாக்கி என்றால் சராசரியாக 25 வாங்க வேண்டும். கடைசி ஒன்றுக்கு மட்டும் 50. எல்லாவற்றையும் கூட்டினால் 50 × (1 + 1/2 + 1/3 + ... + 1/50). அந்த அடைப்புக்குறிக்குள் இருப்பது 4.5, ஆக 225 பபிள்கம். முதல் 25 படத்துக்கு 34 போதும், மீதி 25 படத்துக்கு 191. அதுவும் எல்லாப் படத்தையும் சமமாக அச்சடித்திருந்தால்தான். ஒரு படத்தை வேண்டுமென்றே குறைவாகப் போட்டார்களோ என்று எனக்கு இன்றும் ஒரு சந்தேகம் உண்டு.

ஆல்பம் 49-இல் நின்றது. ஒரு மாதத்துக்கு மேல் அசையவே இல்லை. எதிர்வீட்டுப் பையனிடம் அந்தப் படம் மூன்று இருந்தது. ஒன்று கேட்டதற்கு என் பம்பரத்தையும் சாட்டையையும் சேர்த்துக் கேட்டான். கொடுத்துவிட்டு, ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டு 50 படத்தையும் நிதானமாக எண்ணினார். அப்புறம், போட்டி போன மாசமே முடிஞ்சு போச்சே தம்பி என்றார்.