ஷவர் பகுதி டைல்ஸ்: கிரவுட்டா, சிலிக்கானா?

கேள்வி: எங்கள் குளியலறையின் ஷவர் பகுதியில் சுவருக்கும் தரைக்கும் புதிதாக டைல்ஸ் பதித்திருக்கிறோம். இடைவெளிகளை அடைக்க வெள்ளை சிமென்ட் போதும் என்கிறார் கொத்தனார். எல்லா இடத்துக்கும் சிலிக்கான்தான் நல்லது என்கிறார் கடைக்காரர். எதை வாங்குவது?

பதில்: கிரவுட் (டைல்களின் இடைவெளியில் நிரப்பும் கலவை), சிலிக்கான் இரண்டையும் வாங்குங்கள். ஒரே சுவரிலோ ஒரே தரையிலோ அடுத்தடுத்து உள்ள டைல்களுக்கு நடுவே கிரவுட் போட வேண்டும். சுவரும் தரையும் சேரும் மூலை, இரு சுவர்கள் கூடும் மூலை, சுவரிலிருந்து குழாய் வெளிவரும் இடம் ஆகியவற்றைச் சிலிக்கான் சீலன்ட்டால் அடைக்க வேண்டும்.

கிரவுட் காய்ந்ததும் கல்லைப் போல இறுகிவிடும். வெப்பத்தாலும் ஈரத்தாலும் சுவர் ஒருவிதமாகவும் தரை வேறுவிதமாகவும் மிகச் சிறிய அளவில் அசைவதால், அவை சேரும் மூலையில் நிரப்பிய கிரவுட் நாளடைவில் மயிரிழையாக விரிசல் விட்டு, அதன் வழியே தண்ணீர் உள்ளே இறங்கத் தொடங்குகிறது. சிலிக்கான் ரப்பரைப் போல அந்த அசைவுக்கு ஈடுகொடுக்கும். அதற்காக டைல்ஸ் முழுவதற்கும் அதையே பூசினால் செலவு கூடும். பிற்பாடு சுரண்டி எடுப்பதும் பெரும்பாடு.

வெறும் வெள்ளை சிமென்ட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது சுருங்கி, பொடியாக உதிரும். பாக்கெட்டில் வரும் சிமென்ட் கிரவுட் அதைவிட மேல் என்றாலும், நீரை உறிஞ்சுவதால் சோப்பழுக்கு படிந்து கறுக்கும். சிமென்ட்டுக்குப் பதில் பிசினால் ஆன எபாக்சி கிரவுட் நீரை உறிஞ்சாது. விலை பல மடங்கு அதிகம். விரைவில் இறுகிவிடும் என்பதால் பழகிய கை வேண்டும். பட்ஜெட் இடம் கொடுக்காவிட்டால், எப்போதும் நனைகிற ஷவர் தரைக்கு மட்டுமாவது அதைப் போடுங்கள்.

சிலிக்கானில் பூஞ்சையைத் தடுக்கும் சானிட்டரி வகையைக் கேளுங்கள். புளித்த காடி நெடி அடிக்கும் மலிவான வகை, மார்பிள் போன்ற கற்களைக் கறையாக்கக்கூடும். அங்கே அந்தக் காடி நெடி இல்லாத நியூட்ரல் வகையே ஏற்றது. அக்ரிலிக் சீலன்ட் ஷவருக்கு உதவாது. 280 மில்லி சிலிக்கான் குழல் ஒன்று, 6 மில்லிமீட்டர் அகலமும் அதே ஆழமும் உள்ள இடைவெளிக்கு ஏறத்தாழ 7 மீட்டர் வரும். காலாவதித் தேதியைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

கிரவுட் போடும்போது மூலைகளைக் காலியாக விடச் சொல்லுங்கள்; அது நன்கு காய்ந்த பிறகு சிலிக்கான் பூசி, 24 மணி நேரமாவது தண்ணீர் படாமல் வையுங்கள். இவற்றில் எதுவும் டைல்ஸுக்கு அடியில் பூச வேண்டிய நீர்க்காப்புப் பூச்சுக்கு ஈடாகாது. அது பூசப்பட்டதா என்று கொத்தனாரிடம் இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.