சுருக்குப் பை: அவர் சவூதியில், தவணை இங்கே

(வெளிநாட்டு வேலை, குழுக்கடன் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, இப்போது புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களில் நிதிக் கல்வி வகுப்பு எடுப்பவரின் பதில்கள்.)

அம்மா, வணக்கம். என் கணவர் சவூதியில் டிரைவர். மாதம் 22,000 அனுப்புகிறார். விசாவுக்கு வாங்கிய ஒன்றரை லட்சத்துக்கு மூன்று வட்டி கட்டுகிறேன். அது போக அவருக்குத் தெரியாமல் மூன்று குழுக்கடன். மாதம் 7,950 தவணை. இப்போது ஒருவர் 50,000 தருகிறேன், 24 சதவீதம்தான் வட்டி, மாதம் 3,083 வீதம் 24 மாதம் கட்டினால் போதும் என்கிறார். வாங்கி மற்றதில் ஒன்றை அடைக்கலாமா? பழைய குழுவில் பணம் வசூலிக்கும் தம்பி காலை ஏழு மணிக்கே வாசலில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். (பெயர் வேண்டாம், அறந்தாங்கி)

வாங்காதீர்கள் அம்மா. காரணம் அவர் சொன்ன தவணையிலேயே இருக்கிறது. 24 சதவீதம் என்றால், கட்டக் கட்டக் குறையும் அசலுக்குத்தான் வட்டி போட வேண்டும். அப்படிப் போட்டால் மாதத் தவணை 2,644 ரூபாய்தான் வரும். 3,083 என்கிறார் என்றால், கடைசி மாதம் வரை முழு 50,000 உங்கள் கையில் இருப்பதுபோலக் கணக்குப் போட்டிருக்கிறார். உண்மையில் அது சுமார் 41 சதவீத வட்டி. ரிசர்வ் வங்கியின் கீழ் வரும் நிறுவனம் என்றால், எல்லாச் செலவும் சேர்த்த ஆண்டு வட்டியை எழுதி, கடன் விவரம் முழுதும் அடங்கிய அட்டையை நமக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். அந்தத் தாளைக் கேளுங்கள். பெரும்பாலும் அந்த ஆள் திரும்ப வரமாட்டார்.

இப்போது உங்கள் கணக்கு. தவணை 7,950. ஒன்றரை லட்சத்துக்கு மூன்று வட்டி 4,500. ஆக 12,450. 2022 ஏப்ரலில் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, ஒரு குடும்பம் கட்டும் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. உங்களுக்குப் பாதி 11,000. கைமாற்று வட்டி எந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டரிலும் தெரியாது. அதனால்தான் உங்களுக்கு இன்னும் கடன் கொடுக்க ஆள் வருகிறது. எல்லை தாண்டிவிட்டது என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

முதலில் அடைக்க வேண்டியது குழுக்கடன் இல்லை, அந்த மூன்று வட்டி. நூற்றுக்கு மூன்று என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். எத்தனை மாதம் கட்டினாலும் அசலில் ஒரு ரூபாய் குறையாது. கடிதத்தின் ஓரத்தில் மூன்று பவுன் வளையல் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை வங்கியில் வைத்து ஒரு லட்சத்தையாவது கொடுத்துவிட்டால், மாதம் 3,000 வட்டி நின்றுபோகும். அதற்குப் பதில் வங்கி வட்டி 800 ரூபாய் அளவில்தான் வரும். மிச்சமாகிற 2,200 ரூபாயை, ஒரு மாதம்கூட விடாமல், நகைக்கடன் அசலில் கட்டுங்கள். மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தால் குழுவுக்கு வங்கியே தரும் இணைப்புக் கடனையும் கேட்டுப் பாருங்கள். அதன் வட்டி நிறுவனக் கடனைவிட மிகக் குறைவு.

ஏழு மணிக்கு வரும் தம்பியிடம் நேராகச் சொல்லுங்கள்: காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொந்தரவு செய்யக்கூடாது என்பது விதி. இருவரும் ஒத்துக்கொண்ட இடத்தில்தான் வசூல். அங்கே அடுத்தடுத்து இரண்டு முறை வராமல் போனால்தான் வீட்டுக்கே வரலாம். கேட்காவிட்டால் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள்.

அப்புறம், கணவரிடம் சொல்லிவிடுங்கள். ஏன் என்று கடைசிக் கேள்வியில் எழுதியிருக்கிறேன்.

என் மகனுக்குக் குவைத் வேலைக்கு ஏஜென்ட் 1,40,000 கேட்கிறார். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். கறவை மாடு வாங்குவதாகச் சொல்லிக் குழுக்கடன் எடுக்கலாமா? (ஒரு தகப்பன், மணமேல்குடி)

கறவை மாட்டுக் கடன் கொடுத்து, நேரில் பார்க்கப் போய், காலித் தொழுவத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியவள் நான். அந்த வீட்டு அம்மா என் கண்ணைப் பார்க்காமல் மோர் கொண்டுவந்து கொடுத்தார். பணம் விசாவுக்குப் போயிருந்தது. இன்றைக்கு அந்தப் பொய்க்கு அவசியமே இல்லை ஐயா. ஆண்டு வருமானம் மூன்று லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்துக்கு, பிணை இல்லாமல் கொடுப்பதுதான் மைக்ரோ கடன். எதற்காக வாங்குகிறோம் என்பதை 2022 விதி பார்ப்பதில்லை. மகன் பயணத்துக்கு என்றே சொல்லுங்கள். சொன்னால்தான், முதல் சம்பளம் வர இரண்டு மூன்று மாதம் ஆகும், தவணையை அதற்கு ஏற்ப அமைத்துக் கொடுங்கள் என்று கேட்க முடியும். மாடு என்று சொல்லிவிட்டு அதைக் கேட்க முடியாது.

ஆனால் 1,40,000 எதற்கு? பதிவு பெற்ற முகவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும் வாங்கலாம், மொத்தம் 35,400. ரசீது தர வேண்டும். முகவரின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபாருங்கள். விசிட் விசா வேண்டவே வேண்டாம். பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட் என்றால், வளைகுடா வேலைக்கு மத்திய அரசின் குடியேற்ற அனுமதி (எமிகிரேஷன் கிளியரன்ஸ்) பெற்றுத்தான் போக வேண்டும். அதோடு பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் சேர்ந்து வரும்: இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375, வரி இருந்தால் அது தனி. விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 10 லட்சம். விசிட் விசாவில் போகிற பிள்ளைக்கு இதில் ஒன்றும் கிடையாது. சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. அங்கே ஒருமுறை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து என் பழைய சேமிப்புக் கணக்கிலேயே பணம் போட்டு வருகிறேன். தப்பா? (துபாயிலிருந்து ஒரு வாசகர்)

மாற்றிவிடுங்கள். வேலைக்கு வெளிநாடு போனபின் பழைய கணக்கை என்ஆர்ஓ (வெளிநாட்டில் இருப்பவர் இங்கே வரும் வருமானத்துக்கு வைத்துக்கொள்ளும் கணக்கு) ஆக்க வேண்டும் என்பது அந்நியச் செலாவணிச் சட்டம். சம்பளத்தை அனுப்ப, வெளிநாட்டில் சம்பாதித்த பணத்துக்கென்றே இருக்கும் என்ஆர்இ கணக்கைத் தனியாகத் திறங்கள். அதன் வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை. வீட்டுச் செலவுக்கு மனைவி பணம் எடுக்க வங்கியில் அதிகாரக் கடிதம் கொடுத்துவிடலாம்.

நான் ஒரு மைக்ரோ ஃபைனான்ஸ் கிளையில் மேலாளர். நிதிக் கல்வி வகுப்பு நடத்துகிறோம். கணவர் வெளிநாட்டில் இருக்கும் பெண்கள்தான் அதிகம். கையெழுத்துப் போட்டு, டீ குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். என்ன செய்வது? (கிளை மேலாளர், பட்டுக்கோட்டை)

தம்பி, இப்படி ஒரு கேள்வியை நிறுவனத்துக்குள் இருந்து ஒருவர் கேட்டதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

படம் காட்டுவதை நிறுத்துங்கள். கீரமங்கலம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் நான் எடுத்த வகுப்பைச் சொல்கிறேன். ஆளுக்கு 44 புளியங்கொட்டை கொடுத்தேன். ஒரு கொட்டை 500 ரூபாய், மொத்தம் 22,000. சிமெண்ட் தரையில் சாக்பீஸால் அவரவர் வட்டம் போட்டுக்கொள்ளச் சொன்னேன். அரிசி மளிகை, பள்ளிக்கூடம், மருந்து, மொய், சீட்டு, தவணை, வட்டி. எழுதத் தெரியாதவர்கள் மருந்துக்கு ஒரு புட்டியும் மொய்க்கு ஒரு கவரும் வரைந்தார்கள். ஒரு பெண்ணுக்கு வட்டி வட்டத்துக்கு வரும்போது கையில் கொட்டை இல்லை. கொஞ்சநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு மருந்து வட்டத்திலிருந்து மூன்றை எடுத்து வட்டியில் வைத்தார். அது அவர் மாமியாரின் சர்க்கரை மாத்திரை. அதை அவர் மாதாமாதம் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறார். அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தார்.

அவராகவே கணவருக்கு வீடியோ கால் போட்டு, போனைத் தரைக்கு நேராகத் திருப்பினார். அந்தப் பக்கம் வெகுநேரம் பேச்சே இல்லை. பிறகு அவர் சொன்னார்: ஆறு மாதமாக ஓவர்டைம் கிடையாது, அறை நண்பனிடம் கடன் வாங்கித்தான் முழுத்தொகை அனுப்புகிறேன் என்று. மனைவி கஷ்டப்படக்கூடாது என்று அவர் மறைத்தார். அவர் கலங்கக்கூடாது என்று இவர் மறைத்தார். ஒரே குடும்பத்துக்கு இரண்டு ஊரில் இரண்டு கடன். அறந்தாங்கித் தங்கச்சியைக் கணவரிடம் சொல்லச் சொன்னது இதனால்தான்.

ஆகவே வகுப்பை வெள்ளிக்கிழமை வையுங்கள். இங்கே மாலை நாலு மணி என்றால் சவூதியில் மதியம் ஒன்றரை. அவர்களுக்கு வார விடுமுறை, ஜும்மா முடிந்து அறையில் இருப்பார்கள். தனியாகப் பேச விரும்பும் பெண்ணுக்கு ஓர் ஓரமும் ஒதுக்குங்கள்; கடன் கணக்கைக் குழுவின் முன்னால் சொல்லவைக்கக் கூடாது.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். வகுப்பு முடிந்த கையோடு கடன் விண்ணப்பத்தை நீட்டாதீர்கள். உங்கள் வசூல் பையன்களுக்கு முதல் வகுப்பு எடுங்கள். எத்தனை கடன் கொடுத்தார்கள் என்பதற்கு மட்டும் ஊக்கத்தொகை கொடுத்துவிட்டு, அளவாகக் கடன் வாங்குங்கள் என்று பெண்களுக்குப் பாடம் எடுத்தால் யார் கேட்பார்கள்? மூன்று கடன் இருக்கும் அம்மாவுக்கு நாலாவதை மறுத்துவிட்டு வரும் பையனுக்கு உங்கள் கிளையில் ஒரு பாராட்டாவது கிடைக்க வேண்டும்.

தேதி குறித்ததும் எழுதுங்கள் தம்பி. பட்டுக்கோட்டை எனக்கு ஒன்றும் தூரமில்லை. கொட்டை நான் கொண்டுவருகிறேன், சாக்பீஸ் மட்டும் நீங்கள் வாங்கி வையுங்கள்.