வாசகர் கேள்வி: மினி டிராக்டரும் மழைக்காலமும்

கேள்வி: தென்னந்தோப்பு உழவுக்கு 24 ஹெச்.பி. மினி டிராக்டர் வைத்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டாமல் கொட்டகையில் நிறுத்தியிருந்தேன். இப்போது ஸ்டார்ட் ஆகி, இரண்டு நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. என்ன கோளாறு?

பதில்: பெரும்பாலும் டீசலில் தண்ணீர்தான். டேங்கை அரைகுறையாக விட்டால் உள்ளிருக்கும் ஈரக்காற்று குளிர்ந்து, நீராகி அடியில் தங்கும். ஃபில்டருக்குக் கீழுள்ள கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். அடியில் தனியாகத் தண்ணீர் உருண்டு ஓடினால் சந்தேகமே வேண்டாம். டேங்க் அடித் திருகைத் திறந்து, சுத்தமான டீசல் வரும்வரை வடியுங்கள். ஃபில்டரை மாற்றுங்கள். கழுவிப் போடுவது வீண் சிக்கனம். பிறகு காற்றை எடுக்க வேண்டும்: ஃபில்டர் தலையிலுள்ள ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அடியுங்கள். குமிழி நின்று டீசல் மட்டும் வந்ததும் இறுக்குங்கள். செல்ஃபை ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள். மோட்டார் சூடேறிக் கருகும்.

அடுத்த மழைக்கு முன் டேங்கை நிரப்பி, பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றி வையுங்கள். கிளட்ச் பெடலை அமுக்கிக் கட்டையால் முட்டுக் கொடுத்தால் தட்டு துருவில் ஒட்டாது. பலர் விடுவது இதைத்தான்.

கேள்வி: வரப்பில் திரும்பும்போது ரோட்டவேட்டர் (சுழல் கலப்பை) கடகடவென்கிறது?

பதில்: பி.டி.ஓ. (டிராக்டர் விசையால் கருவியைச் சுழற்றும் தண்டு) சுழலும்போதே ரோட்டவேட்டரை உயரத் தூக்குகிறீர்கள். இரண்டையும் இணைக்கும் ஷாஃப்டின் கோணம் அதிகமாகி, அதன் மூட்டிலுள்ள சிலுவை பேரிங் உடையும். பி.டி.ஓ.வை நிறுத்திவிட்டுத் தூக்குங்கள். சத்தம் தொடர்ந்தால் ஷாஃப்டின் இருமுனைக் கவைகளும் ஒரே நேரில் உள்ளனவா என்று பாருங்கள்.